நைட்ரேட் பூஜ்ஜியம்

மணலில் பழுப்பு, மூன்று நாளாய்.
இரவில் விளக்கு அணைந்தால் காணாமல் போகிறது.
காலை பத்துக்கு வெளிச்சம் வந்ததும்
பவளத்தின் மேல் சளிபோல் நூல்விட்டு,
நூல்நுனி ஒவ்வொன்றிலும் ஒரு காற்றுக்குமிழ்.
நத்தைகள் இரண்டு
கவிழ்ந்தது கவிழ்ந்தபடி.

ஜெலுத்தோங் மீன்கடை ஆ ஹெங்
படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.
"பாசி லா. புதுத் தொட்டிக்கு வரும், போகும்."
நம் தொட்டிக்கு நாலு வயது, தவசீலா.

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
சில்லுகள்மேல் குனிந்திருக்கிறவள் நான்.
கீறல், தூசு, கறை, விரிசல்:
நாலு பொத்தான்.
எதுவென்று சொல்ல எனக்கு இரண்டு வினாடி.
வீட்டுக்கு வந்தும் குனிவேன் என்று
தொழிற்சாலைப் பேருந்தில் யாராவது சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளரிடம்
நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கிய நுண்ணோக்கி.
தகட்டைப் பிடிக்கும் கவ்வி ஒன்று இல்லை;
அங்கே இப்போது என் தலைமுடி கிளிப்.
இருமல் மருந்துச் சொட்டானால்
உன் கடலில் ஒரு துளி.

நாற்பது மடங்கில் குப்பை.
நூறில், குப்பை நகர்கிறது.
நானூறுக்கு
மூச்சை அடக்கிக்கொண்டு திருகினேன்.

டயட்டமாயிரு, டயட்டமாயிரு என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டே.
டயட்டம் என்றால் கண்ணாடி ஓடம், சாது,
சிலிக்கா தீர்ந்தால் அதுவே கிளம்பிவிடும்.
சயனோ என்றால் கோர்த்த பச்சைச் சரம்,
அதற்கும் ஒரு வழி உண்டு.

இது வேறு.
தே தாரேக் நிறம், சொட்டும் துளியின் வடிவம்,
கூர்நுனியை எங்கோ கட்டிவைத்ததுபோல்
நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றி.
சார்ஜர் வயரோடு பேசிக்கொண்டு
வயர் எட்டும் மட்டும் நடந்து திரும்புவாயே,
மீரிக்கு அப்பால் அந்த எண்ணெய் மேடையில்,
அப்படி.
ஒரே வட்டத்துக்குள்
அறுபத்து மூன்று நீ.

சந்தேகம் தீர, கொஞ்சம் எடுத்துக் குலுக்கி
கோப்பி வடிக்கும் துணியில் ஊற்றி
தெளிந்ததைக் குவளையில் விளக்கடியில் வைத்துவிட்டு
மீ கோரேங் சாப்பிட்டேன்.
தட்டைக் கழுவி, துணி மடித்து வருவதற்குள்
பிய்ந்ததெல்லாம் ஒன்றையொன்று தேடிப்
பின்னிக்கொண்டிருந்தது.

ஓஸ்ட்ரியோப்சிஸ்.
சொல்லிப் பார்த்தேன். வாயில் மணல்.
நத்தைகளுக்கு விஷம் வைத்தது இதுதான்.

"எப்படி வந்துச்சு?" என்று எழுதினாய்.
சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்தேன்.
நைட்ரேட் பூஜ்ஜியம்.
பாஸ்பேட் பூஜ்ஜியம்.
நிறமே ஏறவில்லை.

நீ போன நாளிலிருந்து
வாரம் இருமுறை நீர் மாற்றினேன்,
பஞ்சை அலசினேன், தீனியைப் பாதியாக்கினேன்.
நீ வரும்போது கண்ணாடியில் ஒரு புள்ளி இருக்கக்கூடாது.
முடி ஒன்று விழுந்தால் அறிக்கை எழுதவேண்டிய தளத்தில்
பதினாறு வருடம் ஆயிற்று எனக்கு;
தூசியைக் கண்டால் கை தானாய் எழும்.
மற்றதெல்லாம் பட்டினியில் விலகிப்போன நீரில்
இது மட்டும் தங்கிவிட்டது.

மருந்து, அழுக்குதான்.
வாளியைப் பால்கனிக்குத் தள்ளினேன்.
கோமாளி மீன்களுக்கு மூன்று வேளை.
ஆ ஹெங்கிடம் புற ஊதா விளக்கு இரவல்,
இப்போது அவனே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான்.
கண்ணாடியில் பச்சை படர்ந்தது.
கை எழுந்தது,
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
பதினோராம் மாடிச் சன்னலில்
ஜெரெஜாக் தீவைச் சுற்றிச் சேற்று நிறத்தில் கிடக்கிறது
யாரும் துடைக்காத கடல்.

ஒன்பதாம் நாள் நாற்பத்தொன்று.
இன்று பத்தொன்பது,
நடுவே கண்ணாடி ஓடம் ஒன்று
எதன்மேலோ இடித்து, பின்வாங்கி, மறுபடி இடித்து.
பெயர் தெரியாத ஒரு புழு வேறு.

"தெளிஞ்சிடுச்சா?" என்கிறாய்.
இல்ல, நல்லாக் கலங்கியிருக்கு.
விளக்குச் சூட்டில் துளி ஓரத்திலிருந்து காய்கிறது.
வயர் அறுந்ததுபோல்
ஒன்று அப்படியே நின்றுவிட்டது.
இரு,
கை கழுவிட்டுக் கூப்பிடுறேன்.